பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நின்றது

அத்தியாயம் 14

இரண்டு வருடமாக அந்த வீட்டுப் படி மிதிக்காத மருமகள், அன்று காலை ஒன்பதரை மணிக்குத் தோளில் ஒரு கருவிப் பையோடு வாசலில் வந்து நின்றாள். பெரியவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கையில் இருந்த செய்தித்தாளையும் இறக்கவில்லை.

"வாம்மா உள்ள" என்றாள் அவர் மனைவி.

"யார் கூப்பிட்டது?" என்றது செய்தித்தாள்.

"நான்தான் கூப்பிட்டேன். உங்க கம்ப்யூட்டர் செத்துக் கெடக்கு. உங்க மானம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கு. வெளி ஆள் கை படக் கூடாதுன்னீங்க. இவ வெளி ஆளா? உங்க மூத்த பிள்ளையோட பெண்டாட்டி."

பெரியவர் செய்தித்தாளுக்கு மேலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை நாலு மணி என்பது கழுத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

கிடங்கின் இடைத்தளம் சரிந்து ஏழு மாதம் ஆகிறது. அடியில் நின்ற நாலு சுமைத் தொழிலாளிகள் மண்ணோடு போனார்கள். சரிவதற்கு மூன்று வாரம் முன்பு அந்தக் கட்டடத்தைப் பரிசோதித்த இன்ஜினியர் பெரியவர்தான். 'மேலே இருக்கும் பாரத்தை உடனே இறக்குங்கள், அதுவரை கீழே ஆள் நிற்கக் கூடாது' என்று கிடங்குக்காரர்களுக்கு மின்னஞ்சலில் எழுதினார். அப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வரவே இல்லை என்று அவர்கள் விசாரணையில் சாதித்தார்கள். கடிதம் அனுப்பியதற்கான பதிவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொண்டு இன்று மாலை நாலு மணிக்கு வரும்படி போன வாரம் வந்த நோட்டீஸ், மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. கம்ப்யூட்டரோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மரக்கட்டையாக நின்றுகொண்டிருந்தது.

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கையெழுத்திட்ட ஒரு சுவர்கூடச் சாய்ந்ததில்லை. அவருக்கு ஊர் வைத்த பேர் அளவுகோல். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். ஆனால் அதைக் கேட்டால் அவருக்கு முதுகு இன்னும் நிமிரும்.

போன விசாரணை அன்று வாசலில் ஒரு பெண், செத்தவர்களில் ஒருவனின் மனைவி, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தராவது சொன்னீங்களே சார். அவனுங்க கேக்கல. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அந்தக் கையின் சூடு இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"அம்மா, அது தேறாதும்மா" என்றபடி உள்ளறையிலிருந்து வந்தான் சின்னவன். அப்பாவின் அலுவலகத்தில் கூடவே இருந்து வரைபடம் போடுகிறவன். அவன் முகத்தில் இரண்டு நாள் தாடி. "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும். மெஷின் செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தா ஒத்துப்பாங்க. நான் விசாரிச்சுட்டேன். அண்ணியை எதுக்கு வீணா..."

"வந்தவ பாத்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன காலைச் சுடுது?"

சின்னவன் கதவோரம் போய் நின்றான்.

மருமகள் முன்னறைக்குள் வந்தாள். வந்ததும் நின்றாள். அவள் பார்வை மேசைக்கு அடியில் போயிற்று.

மேசை மேல் திரையும் விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருந்தன. பெட்டி கண்ணில் படவில்லை. மேசைக்குக் கீழே, தேக்குப் பலகையில் இரண்டு கதவு போட்ட சின்ன அலமாரி. கதவில் பித்தளைப் பூட்டு. பின்பலகையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒயர்கள் வெளியே வந்து மேலே ஏறின.

அந்தப் பூட்டுக்கு ஒரு கதை உண்டு. முதல் முதலாக இந்தக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கடையிலிருந்து வந்தவளே இவள்தான். நாலு நாள் வேலை. நாலு நாள் வந்தாள். ஐந்தாவது நாளும் வந்தாள். ஐந்தாவது நாள் வந்ததற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லை. மூத்தவன் அவளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி பெரியவருக்கு வேறொருவர் வாயால் வந்தது. மூத்தவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். பெரியவர் மறுவாரமே தச்சரைக் கூப்பிட்டார். இனி இந்த வீட்டுப் பெட்டியை வெளி ஆள் யாரும் தொடக் கூடாது என்றார். சாவி அன்றிலிருந்து அவர் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

"என்ன பண்ணுதுன்னு கேளுங்க அத்தை" என்றாள் மருமகள்.

"என்ன பண்ணுதாம்?" என்று மனைவி செய்தித்தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"வைரஸ் வந்திருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

"வைரஸாம்மா."

"எப்பெப்ப நிக்குதுன்னு கேளுங்க அத்தை."

"நாலடி தள்ளி இருக்கீங்க ரெண்டு பேரும். நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்றாள் மனைவி. "ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவைக்கு எனக்குத் தபால் தலை ஒட்டணும்."

பெரியவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். மனைவி அதை அப்படியே மருமகளிடம் தள்ளினாள்.

கட்டடத்தில் விரிசல் விட்டால், அது எந்தத் தேதியில் எவ்வளவு நீளம் என்று எழுதி வைப்பது அவர் தொழில். அதே பழக்கத்தில் கம்ப்யூட்டருக்கும் எழுதியிருந்தார். நேர்க்கோடு போட்டு நாலு பத்தி. தேதி. ஓடிய நிமிஷம். நின்ற நேரம். காரணம். பதினாலு மாதத்தில் அறுபத்தொரு தடவை நின்றிருந்தது. காரணம் என்ற பத்தி மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலி.

மருமகள் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படித்தாள்.

"அத்தை, எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். 'திடீர்னு நின்னுடுச்சு, நான் ஒண்ணுமே பண்ணல'ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. இப்படி எழுதி வெச்ச ஒருத்தரை நான் பாத்ததில்ல."

செய்தித்தாளுக்குப் பின்னால் பெரியவரின் மீசை லேசாக அசைந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

"காலைல போட்டா முப்பது நிமிஷம் ஓடியிருக்கு. மத்தியானம் போட்டா பத்து. நின்னதும் உடனே திருப்பிப் போட்டா மூணு நிமிஷம்கூடத் தாங்கல. ரெண்டு நாள் போடாம விட்டுப் போட்டப்போ நல்லா ஓடியிருக்கு." அவள் நோட்டை மூடினாள். "வைரஸ் மணி பாத்து வராது அத்தை."

"அப்ப என்னவாம்?" இந்தத் தடவை பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார். கேட்டபின் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

பெரியவர் எழுந்து வந்து, கண்ணாடிக் கூட்டைத் திறந்து, சாவியை எடுத்து, குனிந்து பூட்டைத் திறந்து, உள்ளே கைவிட்டு விசையை அழுத்தி, மறுபடி பூட்டினார். ஒவ்வொரு தடவையும் அவர் இப்படித்தான் செய்வார். மருமகள் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விழித்தது. அவள் எதையும் தொடவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடை மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

காலையிலேயே இரண்டு தரம் போட்டுப் பார்த்திருந்ததால், ஒன்பதாவது நிமிஷமே திரையில் கடிகாரம் நின்றது. மவுஸை நகர்த்தினாள், அம்பு அசையவில்லை. விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினாள். எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்றான் சின்னவன். "போயிடுச்சு அண்ணி. விட்டுடுங்க."

மருமகள் அலமாரிக் கதவின் மேல் புறங்கையை வைத்தாள். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொடுவது போல. உடனே கையை எடுத்தாள்.

"சாவி வேணும்" என்றாள்.

அவள் கேட்டது ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. ஆனால் அதைக் கொடுப்பது எதைக் கொடுப்பது என்று அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும்.

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றான் சின்னவன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. "பெட்டியைப் பிரிச்சா இருக்கறதும் போயிடும். அப்புறம் அழிச்சிட்டோம்னு சொல்வாங்க."

பெரியவர் மகனைப் பார்த்தார். பயந்த முகம். தன் மானத்துக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்தார். மனசு கொஞ்சம் நெகிழ்ந்தது.

சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். அவள் கையில் கொடுக்கவில்லை. மேசையில்தான் வைத்தார்.

கதவு திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த அனல் எல்லார் முழங்காலிலும் அடித்தது. மருமகள் ஒயர்களைப் பிடுங்கிப் பெட்டியை இழுத்து ஜன்னலோரம் வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினாள்.

உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்தது போல் தூசி. நடுவில் இருந்த மின்விசிறியின் இறகுகள் அதற்குள் புதைந்து கிடந்தன. விரலால் சுண்டினாள். அரைச் சுற்று சுற்றி நின்றது.

"இதுதான் மூளை." விசிறிக்கு அடியில் இருந்த சதுரத்தைக் காட்டினாள். "வேலை செஞ்சா சூடாகும். இந்த விசிறி ஊதி ஊதி அதைத் தணிக்கணும். வெளியில இருந்து காத்து வந்தாத்தானே ஊதும்? சூடு எல்லை மீறினா தடுமாறி அப்படியே நின்னுடும்."

"ஏழை வீட்ல பொறந்திருந்தா ஜன்னலோரம் காத்தாட இருந்திருக்கும்" என்றாள் மனைவி. "நம்ம வீட்ல பொறந்து தேக்குல மூச்சு முட்டுது."

பெரியவர் சிரிக்கவில்லை.

மருமகள் வேலையில் இறங்கினாள். தூரிகையால் தூசியைத் தட்டினாள். மூளை மேல் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதுப் பசையை மிளகளவு வைத்தாள். விசிறியின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். நினைவகச் சில்லுகளைக் கழற்றி, "ரப்பர் இருக்கா?" என்றாள். பெரியவர் தன் வரைபட மேசையிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை கையிலேயே கொடுத்தார். சில்லுகளின் பொன்னிறப் பற்களை அவள் அந்த ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்திப் பொருத்தினாள்.

அவள் வேலை செய்யும் முறை அவருக்குப் பிடித்திருந்தது. கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு காகிதத்தில் அடுக்கி வைத்திருந்தாள். இந்த வயதில் இன்னும் எதை எதையெல்லாம் தான் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை அதட்டி உட்கார வைத்தார்.

பெட்டி ஜன்னலோரத்திலேயே ஓடத் தொடங்கியது. பத்து நிமிஷம். இருபது. நாற்பது. திரையில் கடிகாரம் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை.

மணி பன்னிரண்டே முக்கால்.

"உக்காருங்க மாமா. உங்க கடிதத்தை எடுங்க" என்று எழுந்து இடம் விட்டாள்.

பெரியவர் உட்கார்ந்தார். தேதி அவருக்கு மனப்பாடம். அனுப்பியவை என்ற பகுதியைத் திறந்து அந்தத் தேதிக்குப் போனார். முதல் நாள் அனுப்பிய கடிதம் இருந்தது. மறுநாள் அனுப்பியது இருந்தது. அந்த நாளில் ஒன்றும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கிடங்கின் பெயரைக் கொடுத்து அதே பகுதியில் தேடினார். ஒன்றும் இல்லை.

"அழிஞ்சு போச்சா?" என்றார்.

மருமகள் குனிந்து, பக்கத்தில் இருந்த இன்னொரு பகுதியை அழுத்தினாள். அனுப்பாமல் கிடப்பவை. அங்கே ஒரே ஒரு கடிதம். 'பாரத்தை உடனே இறக்குதல் குறித்து.' எல்லா வரியும் இருந்தது. கீழே அவர் பெயர் இருந்தது. கடைசியாகச் சேமித்த நேரம் காலை 11.41.

மருமகள் தரையில் கிடந்த குறிப்பேட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் தேடி, அவர் முன்னால் விரித்து வைத்தாள். அதே தேதி. அவருடைய நேரான, சாயாத கையெழுத்து.

'11.42க்கு நின்றது. அணைத்தேன்.'

அந்தக் காலை முழுசாக அவர் முன் வந்து நின்றது. அனுப்பு என்பதை அழுத்தினார். திரை அப்படியே உறைந்தது. பூட்டைத் திறந்து விசையை அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி போட்டபோது கடிதம் கண்ணில் இல்லை. போய்விட்டது என்று எண்ணினார். பதில் வரவில்லை. வரவில்லையே என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டேன், அளவுகோல் இரண்டாம் தடவை சொல்லாது, இரண்டாம் தடவை சொல்கிறவன் கெஞ்சுகிறவன் என்று இருந்துவிட்டார்.

மூன்று வாரம் அவர் அப்படி இருந்தார். மூன்று வாரம் அந்தப் பாரம் நாலு பேர் தலைக்கு மேல் இருந்தது.

"அந்தப் பூட்டு போட்டதாலதான் இது நின்னுதா?" என்றார்.

"தூசியும் சேர்ந்துடுச்சு மாமா. வெயில் காலம் வேற..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா."

அவள் தலை குனிந்தாள். "ஆமாம் மாமா."

'நீங்க நல்லா இருக்கணும்' என்று கையைப் பிடித்த பெண்ணின் முகம் வந்தது. பெரியவர் தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்தார்.

"அப்பா" என்றான் சின்னவன். பக்கத்தில் வந்து குந்தினான். "நீங்க எழுதினீங்க. அது உண்மை. போச்சா போகலையான்னு இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். மெஷின் செத்துடுச்சுன்னு சொல்லிடலாம். அண்ணி யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"எனக்கும் தெரியுமேடா" என்றாள் மனைவி. "என்னையும் பூட்டி வெக்கப் போறியா?"

பெரியவர் பேனாவை எடுத்தார். குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு நேரே, பதினாலு மாதமாகக் காலியாக இருந்த கடைசிப் பத்தியில் எழுதினார். 'காரணம்: பூட்டு. போட்டது நான்.' எழுத்து சாயவில்லை. ஆனால் முதல் முறையாகக் கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

பிறகு போனை எடுத்தார்.

"யாருக்குப்பா?"

"விசாரணை ஆபீசுக்கு. விரிசலைப் பூசி மறைக்காதே, அதுதான் கட்டடத்தோட வாய்னு நாலு ஊருக்குச் சொன்னவன்டா நான்."

"அப்பா, வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க. முதல்ல நான் சொல்றதை..." சின்னவன் போனைப் பிடிக்கக் கை நீட்டினான். அப்பாவின் பார்வை பட்டதும் கை பாதியில் நின்றது.

எதிர்முனையில் எழுத்தர் எடுத்தார். பெரியவர் தன் பெயரைச் சொன்னார். "அந்தக் கடிதம் விஷயமா ஒண்ணு சொல்லணும். மாலை நேர்லயும் வந்து சொல்றேன். அந்தக் கடிதம் போகல. நான் எழுதினேன். ஆனா அது அவங்களுக்குப் போய்ச் சேரல."

எழுத்தருக்குப் புரியவில்லை. "எந்தக் கடிதம் சார்? ஃபைல்ல இருக்கே அதுவா?"

"ஃபைல்லயா?"

"பத்து நாளைக்கு முன்னாடியே உங்க ஆபீஸ்ல இருந்து பிரதி வந்துடுச்சே சார். மெயில்ல அனுப்பினதோட நேர்லயும் குடுத்ததா எழுதி, கிடங்கு ஆபீசோட முத்திரை, பெற்றுக்கொண்ட தேதி, எல்லாம் இருக்கு. அந்த முத்திரை எங்களுது இல்லைன்னு அவங்க சாதிக்கறாங்க. அதுக்குத்தானே உங்க கம்ப்யூட்டர் பதிவைக் கேட்டோம்? கீழ உங்க கையெழுத்து இருக்கு சார்."

"யார் கொண்டுவந்து குடுத்தது?"

"உங்க பையன்தான் சார். சின்னவர்."

பெரியவர் போனை மெதுவாக மேசை மேல் வைத்தார். அணைக்க மறந்துவிட்டார். எழுத்தர் "சார், சார்" என்று மேசையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகள்தான் எட்டி அணைத்தாள்.

முப்பத்தெட்டு வருடம் பொய் சொல்லாத கையெழுத்து அது. அவர் பெற்ற பிள்ளை அதைப் பொய் சொல்ல வைத்திருந்தான்.

"இடிஞ்ச மறுநாள் காலைல பாத்தேன்ப்பா" என்றான் சின்னவன். தரையைப் பார்த்துப் பேசினான். "நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. சாவி கண்ணாடிக் கூட்டுல இருந்துச்சு. கடிதம் போகாம கெடந்தது. வெளில வந்தா நீங்க பேப்பர்காரங்ககிட்ட அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்னு சொல்லிட்டு இருக்கீங்க. அளவுகோல்கிட்டப் போய் நீ கோணல்னு எப்படிப்பா சொல்றது? எனக்கு வாய் வரல. உங்க மானம் போகக் கூடாதுன்னுதான்..."

"அடப் பாவி" என்றாள் தாய். இவ்வளவு நேரம் பேசியவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மருமகள் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் போவது தன் பேர் மட்டும் என்று எண்ணித்தான் அவர் போனை எடுத்தார். தன் பேரைக் கொடுக்க அவர் தயாராகத்தான் இருந்தார். இப்போது தராசின் அந்தத் தட்டில் பிள்ளை உட்கார்ந்திருந்தான். பொய் முத்திரைக்கும் பொய்க் கையெழுத்துக்கும் சட்டம் என்ன கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பெரியவர் எழுந்தார். ஜன்னலோரம் கம்ப்யூட்டர் சன்னமாக இரைந்துகொண்டு ஓடியது. அதை அணைக்கவில்லை. அனுப்பாத கடிதம் திரையிலேயே இருந்தது.

"இதை அப்படியே, நேரத்தோட, காகிதத்துல எடுத்துக் குடும்மா" என்றார் மருமகளிடம். பிறகு மகனைப் பார்த்தார். "முகத்தை மழிச்சிட்டுச் சட்டையை மாத்திக்கிட்டு வா. நாலு மணிக்கு ரெண்டு பேரும் போறோம்."

சின்னவன் நிமிர்ந்தான். அவன் கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"வர்றேன்ப்பா. ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நீங்க அங்க எதுவா வர்றீங்க? என் அப்பாவாவா? எனக்கு எதிரா அவங்க சாட்சியாவா?"

பெரியவர் குறிப்பேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதற்குள் சாவி இல்லாதது கைக்கு விநோதமாக இருந்தது. பதில் வருகிறதா என்று மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் மணி ஒன்று இருபத்தாறு ஆயிற்று. பிறகு ஒன்று இருபத்தேழு.